செட்டுக்கு ஒரு சீட்டு

அகராதி அலுவலகத்தில் தனக்கு ‘செட்’ என்ற சொல்லைக் கொடுத்தபோது பிழைத்தோம் என்றுதான் அவர் நினைத்தார். அடுத்த மேசைக்காரருக்கு ‘லைன்’ விழுந்திருந்தது. அந்த மனிதர் முதல் வாரத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். செட் சின்னச் சொல், ஒரே மாதத்தில் முடித்துக் கொடுத்துவிட்டுக் காலை நீட்டிக்கொள்ளலாம் என்று இவர் மனக்கோட்டை கட்டினார். மூன்று மாதம் ஆயிற்று. இன்னும் முடிந்தபாடில்லை.

மக்கள் வாயில் புழங்கும் பிறமொழிச் சொற்களுக்கென்று ஓர் அகராதி அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. வேலை முறை எளிது. காதில் விழுந்த வாக்கியத்தை உள்ளங்கை அகலச் சீட்டு ஒன்றில் ஓர் எழுத்து மாறாமல் எழுத வேண்டும். சீட்டின் பின்பக்கம் யார் சொன்னது, எங்கே, எப்போது என்ற விவரம். சொந்தச் சரக்கைக் கலக்கக் கூடாது. பேசுகிறவர் வாயைக் கிண்டி வரவழைக்கக் கூடாது. எழுதிய சீட்டை எந்தக் காரணத்துக்காகவும் கிழிக்கக் கூடாது. இருபத்தாறு வருடச் சேவையில் இந்த மூன்று விதியையும் அவர் ஒரு நாளும் மீறியதில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கொத்துச் சீட்டும் துண்டுப் பென்சிலும் இருக்கும். அதனால் தெருவில் அவருக்குச் சீட்டுக்காரர் என்றே பெயர். புதிதாகக் குடிவருகிறவர்கள் ஏதோ சீட்டுக் கம்பெனி நடத்துகிற ஆசாமி என்று நினைத்துக் கொஞ்ச நாள் ஒதுங்கியே போவார்கள்.

செட் அவரை ஊரெல்லாம் இழுத்தடித்தது. “மீசைய லேசா செட் பண்ணிடவா சார்?” என்றார் முடிதிருத்துபவர். போர்த்திய துணியை அப்படியே விலக்கிக்கொண்டு, பாதி மீசையோடு எழுதினார் இவர். “சிமென்ட் இன்னும் செட் ஆகல, கால வெச்சீங்கன்னா கொன்னுடுவேன்” என்று ஒரு கொத்தனார் கத்தினார். அவர் கத்தியது இவரைப் பார்த்துதான். கால் பதிந்தபடியே எழுதி முடித்தார். பல் மருத்துவமனை வாசலில் ஒரு தாத்தா, “கீழ் செட்டு வீட்லயே இருக்கு, மேல் செட்ட மட்டும் போட்டுட்டு வந்துட்டேன்” என்று வருத்தப்பட்டார். பேருந்தில் மாணவர்கள், “நம்ம செட்டுலயே அவன் ஒருத்தன்தான்டா பாஸு” என்றார்கள். பாத்திரக் கடையில் செட்டு, திரைப்படத்துக்குப் போட்ட செட்டு, அலாரத்தை செட் பண்ணுவது, புது மாத்திரை உடம்புக்கு செட் ஆவது என்று போய்க்கொண்டே இருந்தது. நாற்பது சீட்டு சேர்ந்த பிறகு வரைவை எழுதித் தலைமைப் பதிப்பாசிரியரிடம் நீட்டினார்.

திரும்பி வந்த வரைவில் ஓரிடத்தில் மட்டும் சிவப்பு மை. இரண்டு மனிதர்கள் ஒத்துப்போவதைப் பற்றிய பகுதி அது. அங்கே இவர் கொடுத்திருந்த ஏழு உதாரணமும் “செட் ஆகல”, “செட் ஆகாது” என்றே முடிந்தன. பதிப்பாசிரியர் பக்கத்தில் எழுதியிருந்தார்: “மனுஷனுக்கு மனுஷன் செட் ஆகவே மாட்டானா? ஆனதற்கு ஓர் உதாரணம் வேண்டும்.”

அதைத் தேடித்தான் இவர் அலைந்துகொண்டிருந்தார். ஊரில் அப்படி யாருமே சொல்வதில்லை என்று அர்த்தமில்லை. ஆனால் சண்டை போட்டவர்கள்தான் பேருந்தில் சத்தமாகப் பேசுகிறார்கள். ஒத்துப்போனவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுகிறார்கள். இவர் காதுக்கு எட்டும் தூரத்தில் அந்த வாக்கியம் விழவே இல்லை.

இந்த நேரத்தில்தான் மகள் ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னாள்.

மகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், நான்காவது மாடியில். ஒரு நாள் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். சரிபண்ண வந்த மெக்கானிக் முப்பத்தைந்து நிமிடமும் மேலிருந்து பேசிக்கொண்டே வேலை செய்திருக்கிறான். பயம் போக வேண்டுமென்று, லிப்டில் எத்தனை கம்பிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதைத் தாங்குகிறது என்று வரிசையாகச் சொன்னானாம். கதவு திறந்தபோது இவளுக்கு வெளியே வர மனமில்லையாம். அவனைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் மனைவி அப்போது சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். முகம் விழுந்துவிட்டது.

“ஏங்க, அவ நாற்காலியக்கூட துடைச்சிட்டு உக்கார்ற பொண்ணு. அவன் நாள் பூரா கிரீஸ்ல நிக்கறவன். இந்தப் பையன் நம்ம பொண்ணுக்கு செட் ஆவான்னு எனக்குத் தோணலங்க.”

ஒரு புருஷன் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் போய் நின்று நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்ல வேண்டும். இவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

“நான் மனசு ஒடிஞ்சு பேசிட்டிருக்கேன், நீங்க எழுதறீங்களா?”

“கடைசி வாக்கியம் மட்டும்தான்மா” என்றார் அவர், எழுதியபடியே. பின்பக்கம் வழக்கம்போலச் சுருக்கக் குறி போட்டார். ‘ம. ச.’ மனைவி, சமையலறை. தேதி பதினாலு, மாலை ஏழு நாற்பது.

எழுதிவிட்டாரே தவிர, அந்தச் சீட்டை அலுவலகத்தில் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை. நாலு பேர் கையில் புரளும். வீட்டில் இருக்கும் தகரப் பெட்டியில் போடலாமென்றால் மகள் கண்ணில் பட்டுவிடும். கிழிக்கவோ விதி விடாது. அதனால் அது அவர் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. தினமும் காலையில் பழைய சட்டையிலிருந்து எடுத்துப் புதுச் சட்டையில் வைத்துக்கொள்வார்.

அடுத்த வாரம் பையன் வீட்டுக்கு வந்தான். வந்தவன் உட்காரவில்லை. இரண்டு வருடமாகத் திறக்காமல் அடம் பிடித்துக்கொண்டிருந்த பால்கனிக் கதவைப் பார்த்துவிட்டான். “அத்தை, ஒரு பழைய துணி இருக்குமா?” என்று கேட்டு, பத்து நிமிடம் அதோடு மல்லுக்கட்டினான். கதவு ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது. கையைச் சுத்தமாகக் கழுவி, கழுவிய இடத்தையும் துடைத்துவிட்டுத்தான் டீயைத் தொட்டான். அன்றைக்கே அவர் மனைவி கட்சி மாறிவிட்டார். அப்புறம் வீட்டில் எது செய்தாலும், “அந்தத் தம்பிக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கட்டா?” என்பதே பேச்சு.

பிறகு ஒரு மழை நாளில் பையனின் அம்மா வந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நாற்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்து, மேட்ரனாக ஓய்வுபெற்றவர். டாக்டர்களையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர் என்று பையன் முன்கூட்டியே எச்சரித்திருந்தான். ஆனால் இரண்டு அம்மாக்களும் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். “உங்க பையன் கிடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்க்கா” என்றார் இவர் மனைவி. “உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே இதுதாம்மா, மனசுல ஒண்ணு வாயில ஒண்ணுன்னு கிடையாது” என்றார் மேட்ரன். விடைபெறும்போது சோபா உறை தைப்பவரின் போன் நம்பரைக் கேட்டார். பிஸ்கட் வாங்கப் போய் நனைந்து வந்திருந்த சீட்டுக்காரர், ஈரச் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நம்பரை எழுதிக் கொடுத்தார்.

அது ஒரு சீட்டு இல்லை. ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு.

மறுநாள் காலை மகள் அறையிலிருந்து போனும் கையுமாக வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. “அப்பா, அவங்க அம்மா கல்யாணமே வேண்டாம்னுட்டாங்களாம். நீங்க கைப்பட எழுதிக் குடுத்திருக்கீங்களாமே, இந்தப் பையன் செட் ஆவான்னு தோணலன்னு?”

அவருக்கு நேற்றைய ஈரச் சீட்டு ஞாபகம் வந்தது. சட்டைப் பையைத் தடவினார். சமையலறைச் சீட்டு அங்கே இல்லை.

“நான் சொன்னது இல்லம்மா அது.”

“அப்ப யாரு சொன்னது?”

சமையலறையில் ஒரு டம்ளர் கீழே விழுந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். மகள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மனைவி வந்து கதவோரம் நின்றார். “என் பேரச் சொல்லிடாதீங்க. மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு இல்லன்னு நேத்துதான் சொன்னாங்க. நான் எந்த முகத்த வெச்சிட்டு அவங்களப் பாப்பேன்?”

“சொல்லல.”

“அப்ப யாரு சொன்னதுன்னு சொல்வீங்க?”

“ஏதாச்சும் சொல்றேன்” என்றார். இருபத்தாறு வருடமாக ஒரு சீட்டிலும் பொய் எழுதாத மனிதர், தகரப் பெட்டியைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டார். வந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டதற்கு, “சும்மா உக்காந்திருக்கேன்” என்றார். போகும் வழியெல்லாம் பேருந்தில் சீட்டுக்காரர் உதடு அசைய எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். சுற்றிலும் யார் என்ன பேசினார்கள் என்பது அன்று அவர் காதில் விழவே இல்லை.

மேட்ரன் வீட்டுக் கூடம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. நாற்காலிகள் ஒரே வரிசை. சுவரில் நொடி முள் வைத்த பெரிய கடிகாரம். மேசை மேல், கிளிப் வைத்த அட்டையில், பிளாஸ்டிக் உறைக்குள் அந்தச் சீட்டு. பையன் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்ட் போல இருந்தது அவன் முகம்.

“இது உங்க கையெழுத்துதானே சார்?”

“கையெழுத்து என்னுது. வார்த்தை என்னுது இல்லீங்க.” பெட்டியைத் திறந்து காட்டினார். “எங்க வேலையே இதுதான். யாராவது பேசினா அப்படியே எழுதிக்குவோம்.”

“அகராதின்னா பழைய புத்தகத்தப் பாத்து எழுதறதுதானே?”

“இது வாயப் பாத்து எழுதறது.”

மேட்ரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நாற்பது வருடம் நோயாளிகளின் கேஸ் ஷீட் படித்த கண். முன்பக்கம் படிப்பார், திருப்புவார், பின்பக்கம் படிப்பார், கீழே வைப்பார். கொத்தனார் சீட்டைப் படிக்கும்போது அவர் உதடு லேசாக வளைந்தது. பல்செட் தாத்தாவிடம் வந்தபோது, “பாவம், எப்படிச் சாப்பிட்டாரோ” என்றார். சீட்டுக்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. மனைவி முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“சரி. நீங்க சொல்லலன்னு ஒத்துக்கறேன். இந்தச் சீட்டு யாரு சொன்னது? ம. ச.ன்னு போட்டிருக்கே?”

பேருந்தில் ஒத்திகை பார்த்தது இதற்குத்தான். “மளிகைக் கடைக்காரர் சம்சாரம்.”

“யாரப் பத்தி?”

“அவங்க பொண்ணுக்குப் பாத்த பையனப் பத்தி.”

“ஓ” என்றார் மேட்ரன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் விடுகிற ஆளா அவர்? பெட்டிக்குள் இன்னும் துழாவினார். ஒரு சீட்டை எடுத்தார். சத்தமாகப் படித்தார்.

“‘அடுப்ப சிம்ல செட் பண்ணுங்கன்னு சொன்னேனே, பால் பூரா பொங்கி வழியுது, காது எங்க இருக்கு உங்களுக்கு?’” திருப்பினார். “ம. ச. காலை ஆறு பத்து.”

அதை உறைக்குள் இருந்த சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சார், மளிகைக் கடைக்காரர் சம்சாரம் காலங்காத்தால உங்க அடுப்படியில நின்னுட்டு உங்கள ஏன் திட்டறாங்க?”

பையன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. மளிகைக் கடை, சம்சாரம், பால், அடுப்பு எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போட ஒரு பொய் வேண்டும். அனுபவம் இல்லாத சீட்டுக்காரருக்கு அது எங்கிருந்து வரும்?

“நான்தான்க்கா சொன்னேன்.”

மனைவி எழுந்து நின்றார். “பாலுக்கும் நான்தான், அதுக்கும் நான்தான். அப்ப உங்க பையன நான் கண்ணால பாத்ததுகூட இல்ல. பொண்ணு சட்டுனு வந்து சொன்னதும் பயந்துட்டேன். வாய்ல வந்தத சொல்லிட்டேன். அப்புறம் ஒரு தடவகூட எனக்கு அப்படித் தோணலக்கா. ஆனா சொன்னது சொன்னதுதான். நீங்க என்ன தண்டனை வேணா எனக்குக் குடுங்க, புள்ளைங்கள விட்டுடுங்க. இவரையும் விட்டுடுங்க, இவருக்குப் பொய்யே சொல்ல வராது.”

“அது தெரியுது” என்றார் மேட்ரன்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து சீட்டை வெளியே எடுத்தார். பின்பக்கத்தை மறுபடியும் படித்தார். “தேதி பதினாலு. டேய், நீ என்கிட்ட வந்து சொன்னது என்னைக்கு?”

பையன் திரும்பினான். “அதே அன்னைக்குதாம்மா. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வீட்ல சொல்லிடலாம்னு பேசி வெச்சிருந்தோம்.”

“நான் என்ன சொன்னேன்?”

அவன் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்தான்.

“இவங்க சொல்லிட்டாங்க இல்ல? நீயும் சொல்லு.”

“‘நாலாவது மாடியில ஏசிக்குள்ள உக்கார்ற பொண்ணு, உனக்கும் அவளுக்கும் ஒரு நாளும் செட் ஆகாது, எழுதி வெச்சுக்கோ’ன்னீங்க.”

“எழுதி வெச்சுக்கோன்னு வேற சொன்னேனா?”

“ஆமாம்மா.”

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இவர் மனைவியைப் பார்த்தார். பிறகு அந்த நாற்பது வருடத்துக் கண்டிப்பு மொத்தமும் கலகலத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “நல்ல வேளை, எங்க வீட்ல எழுதி வைக்க ஆள் இல்ல! இருந்திருந்தா இந்நேரம் நீங்க என் வாசல்ல ஏறியிருப்பீங்களா?”

இவர் மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மேட்ரன் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். சீட்டைத் திருப்பி நீட்டினார். “இந்தாங்க சார், பெட்டியில போடுங்க.”

“வேணும்னா நீங்க கிழிச்சுடலாம்” என்றார் சீட்டுக்காரர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது அதுவே முதல் தடவை.

“எதுக்கு? நடந்தது நடந்ததுதானே. கேஸ் ஷீட்ட யாராவது கிழிப்பாங்களா?” என்றவர், மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த இவர் மனைவியின் பக்கம் திரும்பினார். “அழாதம்மா. அதுங்க ரெண்டும் எப்பவோ செட் ஆயிடுச்சுங்க. நாமதான் பாக்கி. நாமளும் ஆயிடுவோம், விடு.”

சீட்டுக்காரரின் வலது கை சட்டைப் பைக்குப் பாதி வழி போய் நின்றது. நாள் கணக்கில் நாயாய் அலைந்து கிடைக்காத வாக்கியம். மனைவி அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தார். அவர் கையைத் தொடையில் வைத்து அடக்கப் பார்த்தார். விரல்கள் அடங்கவில்லை.

“எழுதிக்கோங்க சார்” என்றார் மேட்ரன். “இல்லன்னா உங்களுக்கு பிபி ஏறிடும் போலிருக்கு.”

எழுதினார். ஓர் எழுத்து மாறாமல் எழுதினார். பிறகு சீட்டைத் திருப்பினார். அங்கே பென்சில் நின்றது. சொன்னவர் யார்? ‘ஓய்வுபெற்ற மேட்ரன்’ என்று போட்டால் போதும். அலுவலகத்தில் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் யோசித்தார். அவரிடம் சுருக்கக் குறி இல்லாத ஒரு சொல்லை முழுதாக எழுதினார்.

“குடுங்க, பாக்கறேன்.”

கொடுத்தார். மேட்ரன் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டு முன்பக்கம் படித்தார். திருப்பினார். ‘சம்பந்தி. அவர் வீட்டுக் கூடம்.’ என்று இருந்தது. அதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“இதுல தப்பு இருக்கு” என்றார்.

சீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நேரம் போடலையே சார். நேரம் போடாத ரிப்போர்ட்ட நான் என்னைக்கும் ஒத்துக்கிட்டது இல்ல.”

அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தார். தன் பேனாவை எடுத்து, பதினொன்று இருபத்திரண்டு என்று எழுதினார். ‘சம்பந்தி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், நாற்பது வருடம் போட்ட அதே சுருக்கக் கையெழுத்தைப் போட்டுச் சீட்டை அவர் கையில் கொடுத்தார். பையன் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.